கம்பியை வெட்டாமல் மீட்ட ஓ.பி. வேன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ஓ.பி. வேன் (ஸ்டூடியோவுக்கு வெளியே நடப்பதைப் படம்பிடித்து ஒளிபரப்பும் தொலைக்காட்சி வண்டி) ஒன்று கைக்கு வந்ததும் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது கேமராவை. அடுத்து லென்ஸ், அதற்கடுத்து கேமராப் படங்களைத் தேர்ந்து கலக்கும் விஷன் மிக்ஸர். இவை கழற்றி எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக்கூடியவை, விலைபோகக்கூடியவை. வண்டியின் உடல் பழைய இரும்புக்குப் போகும். சுவர்களுக்குப் பின்னால் ஓடும் கேபிள்கள் செம்புக்காக உரிக்கப்படும். நாங்கள் மீட்ட வண்டியில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினோம்: கேபிளுக்கு முதலிடம், கேமராவுக்குக் கடைசி இடம். அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அதனால் என்ன தெரியவந்தது, எங்கெங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இந்தப் பதிவு.

வெளிக்கள ஒளிபரப்பின் வரலாறு தொலைக்காட்சியின் வரலாற்றுக்கு இணையான வயதுடையது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஒரு வண்டியின் கூரைமேல் ஃபிலிம் கேமராவை வைத்துப் படம்பிடித்தார்கள். அந்தச் சுருளை வண்டிக்குள்ளேயே கழுவி, ஓரிரு நிமிடங்களில் மின்சமிக்ஞையாக மாற்றி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, 1937 மே 12 அன்று, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை லண்டன் ஹைட் பார்க் முனையில் மூன்று எமிட்ரான் கேமராக்களுடன் பி.பி.சி. நேரடியாகக் காட்டியது. முப்பது ஆண்டு கழித்து, 1967 ஜூலை 1 அன்று, பி.பி.சி. 2 வண்ணத்துக்கு மாறிய நாளிலும் திரையில் வந்தது ஸ்டூடியோ நிகழ்ச்சி அன்று, விம்பிள்டன் டென்னிஸ். புதுத் தொழில்நுட்பம் தன் முதல் பெரிய சோதனையைப் பல தடவை வண்டியில் ஏறித்தான் எழுதியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அருங்காட்சியகங்களில் ஸ்டூடியோ கேமராக்கள் நிறைய இருக்கின்றன, முழு வண்டிகள் மிகச் சில. இடத்தை அடைக்கும், பராமரிக்கச் செலவாகும், மழையில் நிற்கும் என்பதே காரணம்.

வண்டியின் நிலை

எங்கள் வண்டி 1970-களின் முற்பகுதியில் கட்டப்பட்டது. வண்ணத் தொலைக்காட்சிக்கான பால் (PAL) முறையில் இயங்குவது. நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று பிளம்பிகான் குழாய்கள் (ஒளியை மின்சமிக்ஞையாக்குபவை). எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த உடல். உள்ளே மூன்று அறைகள். முன்புறம் ஒலிப் பொறியாளர், நடுவில் இயக்குநரின் மேசையும் எதிரே மானிட்டர் சுவரும், பின்புறம் கேமராக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அடுக்கிய ரேக்குகள். கடைசியில் கேபிள் டிரம்கள். கூரையே கேமரா மேடை. ஏறுவதற்கு ஏணி, சுற்றிலும் மடக்கக்கூடிய தடுப்புக் கம்பி.

வண்டி பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றிருந்தது. கேமராக்களில் இரண்டு வண்டிக்குள்ளேயே இருந்தன, மற்ற இரண்டும் தனியே ஒரு கிடங்கில் கிடைத்தன. டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கச் சுவர் முழுக்க வெடிப்பு. ரப்பருக்கு வயது என்பது ஓடிய தூரத்தால் மட்டும் வருவதில்லை. நின்ற இடத்திலேயும் வரும். நகர்த்துவதற்கு முன்பே அத்தனை டயர்களையும் மாற்றினோம். பிரேக் லைனிங் அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் என்று எடுத்துக்கொண்டு, காற்றால் ஊதித் துடைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, உரிய முறையில் அப்புறப்படுத்தினோம். இயந்திரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டீசல் லாரி எஞ்சினுக்குப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாழ்பட்ட இடங்களில் பெரும்பாலானவை கூரையிலிருந்து தொடங்கின. மடக்குக் கம்பியின் கால்கள் கூரைத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் சீலண்ட் காய்ந்து விலகியிருந்தது. தண்ணீர் அந்தக் கால் வழியாக இறங்கி, உட்கூரைப் பலகையின்மேல் ஓடி, மூன்றாவது ரேக்கின் தலையில் சொட்டியிருக்கிறது. ஈரம் எங்கெல்லாம் தேங்கியதோ, அங்கெல்லாம் அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் தன்னை இழந்து எஃகைக் காக்கும், வேதியியல் அப்படி. அந்தத் தகடுகளைக் கழற்றி, சட்டத்தைச் சுத்தம் செய்து, இடையே மின்கடத்தாப் பட்டை வைத்து மீண்டும் ரிவெட் அடித்தோம். இந்தக் கட்டம் முடியும்வரை உள்ளே ஒரு கருவியையும் தொடவில்லை. மேலே ஒழுகும்போது கீழே மின்னணுவியல் வேலை செய்வதில் அர்த்தமில்லை.

எந்த நாளுக்குத் திரும்புவது

மீட்பு வேலையில் இறங்குபவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: வண்டியை எந்த நிலைக்குக் கொண்டுவருவது? பழைய காருக்கு இதற்குப் பதில் எளிது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள். ஓ.பி. வேனுக்கு அப்படி ஒரு நாள் இல்லை என்றே சொல்வேன். சேவையில் சேர்ந்த வாரத்திலிருந்தே பொறியாளர்கள் அதை மாற்றத் தொடங்கிவிடுவார்கள். கால்பந்துக்கு ஒரு கூடுதல் மானிட்டர், தேர்தல் இரவுக்கு இன்னொரு தொலைபேசி இணைப்பு, புதிதாக வந்த தலைப்பெழுத்துக் கருவிக்கு மிக்ஸரில் ஓர் உள்ளீடு. எங்கள் மிக்ஸரின் பட்டன்களுக்குக் கீழே இருந்த பெயர்ப்பட்டையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தாள் நாடா அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது தெரிந்தது. மேல் அடுக்கில் பேனா எழுத்து, அதற்குக் கீழ் வேறொரு கையெழுத்து, அடியில் தொழிற்சாலை பொறித்த எண்.

குழுவில் ஒரு பகுதியினர் தொழிற்சாலை வரைபடத்துக்கே திரும்பவேண்டும் என்றார்கள். வரைபடம் எங்களிடம் பெரும்பாலும் முழுமையாக இருந்ததால் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. நான் எதிர்த்தேன். வரைபடத்துக்குத் திரும்புவது என்றால், பின்னால் சேர்த்த ஒவ்வொரு கம்பியையும் பிடுங்குவது. அந்தக் கம்பிகள்தாம் இந்த வண்டியில் உழைத்தவர்களின் கைவேலைக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. வரைபடம் எப்போது வேண்டுமானாலும் தாளில் இருக்கும். பிடுங்கிய கம்பி எங்கிருந்து எங்கே சென்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது: இணைப்புகளைப் பொறுத்தவரை வண்டி சேவையிலிருந்து விலகிய கடைசி நாளின் நிலை. எதையும் வெட்டக்கூடாது, கட்டை அவிழ்க்கக்கூடாது. மாற்றவேண்டிய பகுதி இருந்தால் இரு முனைகளையும் குறித்து, படமெடுத்து, பழைய துண்டைப் பெயரிட்டு வைத்துவிட்டுத்தான் புதியது. கருவிகளைப் பொறுத்தவரை அந்தக் கடைசி நாளில் அங்கே இருந்தவை, கிடைக்காதபோது அதே வகை.

மற்றவர்களும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். டெக்சாஸின் கில்கோர் நகரில் உள்ள ஒளிபரப்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் டுமாண்ட் டெலிகுரூசர், 1940-களின் இறுதியில் வந்த, கறுப்பு வெள்ளை ஒளிபரப்புக்கான பேருந்து. பிரிட்டனில் 1969-இல் பை நிறுவனம் பி.பி.சி.க்காகக் கட்டிய சி.எம்.சி.ஆர். 9 என்ற வண்ண ஓ.பி. வேன், பின்னாளில் 'நார்த் 3' என்று பெயர் மாறி மான்செஸ்டரிலிருந்து ஓடியது. அந்த வண்டியில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியின் ஆய்வுத்திட்டம் ஒன்று ஓய்வுபெற்ற பி.பி.சி. குழுவினரை மீண்டும் உட்காரவைத்து, அவர்கள் வேலைசெய்யும் விதத்தைப் படமாக்கியது. வண்டியை ஒரு பொருளாகப் பார்க்காமல் வேலைக்களமாகப் பார்க்கும் அந்தப் பார்வை எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது.

மின்சாரம்

பழைய கருவிக்கு நேராக மின்சாரம் கொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்குள் அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் ஆக்ஸைடு படலம்தான் மின்கடத்தாப் பொருள். நீண்ட காலம் மின்னழுத்தமே இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் மெலிந்துவிடும். ஒரேயடியாக முழு மின்னழுத்தத்தை ஏற்றினால் கசிவு மின்னோட்டம் பாய்ந்து, சூடாகி, வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு பெரிய மின்தேக்கியையும் தனியே எடுத்து, ஒரு மின்தடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தத்தைக் கூட்டி, கசிவு குறைகிறதா என்று பார்த்தோம். குறையாதவற்றின் அலுமினியக் கூட்டைத் திறந்து, உள்ளே சிறிய புதிய மின்தேக்கியை வைத்து மூடினோம். வெளித்தோற்றம் மாறவில்லை. கூட்டின் அடியில் தேதி எழுதியிருக்கிறோம். பின்னால் வருபவர் அசல் என்று நம்பி ஏமாறக்கூடாது.

பவர் சப்ளைகளை ரேக்கில் வைத்துச் சோதிக்கவில்லை. மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் நேரியல் ரெகுலேட்டரில் தொடர் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால், ஒழுங்குபடுத்தப்படாத மின்னழுத்தம் அப்படியே பின்னால் உள்ள எல்லா மின்சுற்று அட்டைகளிலும் ஏறும். ஒரு டிரான்சிஸ்டரின் சாவு ஒரு ரேக்கையே கொல்லும். அதனால் ஒவ்வொரு சப்ளையையும் மேசைமேல் வைத்து, போலிச் சுமையை இணைத்து, பல மணிநேரம் ஓடவிட்ட பிறகே அதன் இடத்துக்குத் திருப்பினோம்.

இன்னொரு தொல்லை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கருவிகள் எல்லாம் தனித்தனியே நலமாக ஓடின. வண்டியை முழுதாக வெளி இணைப்பில் செருகியபோது கட்டடத்தின் மின்கசிவு டிரிப் உடனே விழுந்தது. எந்தக் கருவியும் பழுதில்லை. அந்தக் காலத்துக் கருவி ஒவ்வொன்றின் மெயின்ஸ் நுழைவிலும் ரேடியோ இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு; அதிலிருந்து சிறு மின்தேக்கி ஒன்று எர்த்துக்குப் போகும். ஒன்றின் கசிவு அற்பம். ஒரு வண்டி நிறையக் கருவிகள் சேரும்போது 30 மில்லியாம்பியர் டிரிப் தாங்காது. டிரிப்பைத் தவிர்த்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்தப் பேச்சுக்கே இடம்கொடுக்கக்கூடாது. உலோக உடலுள்ள வண்டி, ஈரத் தரையில் நிற்கும் மனிதர், கையில் படிக்கட்டின் கைப்பிடி என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும். வண்டியின் மின்சாரத்தை வெளி இணைப்பிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை உள்ளே வைத்து, அதன் இரண்டாம் சுற்றின் நியூட்ரலை வண்டியின் உடலோடு பிணைத்து, அங்கிருந்து ரேக்குகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி டிரிப் கொடுத்தோம். இது வண்டியில் ஒருபோதும் இருந்திராத பொருள். மனித உயிருக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ரேக்குகளுக்குப் பின்னால் கிடந்த சுருள்கள்

இந்த மீட்பின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது, மூன்றாவது ரேக்குகளின் பின்கதவைத் திறந்தால், கருவிகளுக்குப் பின்னால் கோஆக்சியல் கேபிள்கள் சுருள் சுருளாகத் தொங்கின. ஒவ்வொரு சுருளும் மெழுகு தோய்த்த நூலால் இடைவெளி பிசகாமல் கட்டப்பட்டிருந்தது. முடிச்சில் சிறிய அட்டைத் துண்டு. அதில் இந்தியன் மையில் ஓர் எண். சில சுருள்கள் கையளவு, சில தண்ணீர்க் குழாய்ச் சுருள் அளவு. சுத்தம் செய்ய வந்த இளம் உதவியாளர் ஒருவர் இவற்றை மிச்சக் கேபிள் என்று எடுத்துக்கொண்டு, சுருக்கி வெட்டினால் காற்றோட்டம் நன்றாக இருக்குமே என்று கேட்டார். காற்றோட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும். எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் குனிந்து அட்டையைப் படித்தார். "தம்பி, இது மிச்சம் இல்லை. இது நேரம். நூலைக்கூடத் தொடாதீர்கள்" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இப்படி. பால் முறையில் வண்ணத் தகவல் 4.43361875 மெகாஹெர்ட்ஸ் சப்கேரியர் என்ற துணை அலையின்மேல் ஏறி வருகிறது. அதன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 225 நானோவினாடி. என்ன நிறம் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சுற்றின் எந்தக் கோணத்தில் சமிக்ஞை இருக்கிறது என்பது. 360 பாகையில் ஒரு பாகைக்கு 0.63 நானோவினாடியே. கெட்டி பாலிஎத்திலீன் காப்புள்ள கோஆக்சியல் கேபிளில் சமிக்ஞை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோவினாடி எடுத்துக்கொள்ளும். ஆக, 12 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கேபிள் துண்டு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஒரு பாகை நகர்ந்துவிடும். ஒரு சாண் கூட இல்லை.

நான்கு கேமராக்கள், தலைப்பெழுத்துக் கருவி, வெளியிலிருந்து வரும் இணைப்பு என எல்லாச் சமிக்ஞைகளும் மிக்ஸரின் வாசலுக்கு ஒரே கணத்தில் வந்து சேரவேண்டும். ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டும்போது பெரிய தவறு தெரியாது. ஒவ்வொரு படமும், எந்தக் கோணத்திலிருந்து எண்ணவேண்டும் என்று சொல்லும் தன் வண்ண அடையாளத்தைத் தானே சுமந்து வருகிறது. இரண்டையும் கலக்கும்போதுதான் சிக்கல். திரையின் பாதியில் ஒரு கேமராவும் மறுபாதியில் இன்னொன்றும் வரும்போது, அடையாளம் ஒன்றிலிருந்துதான் கிடைக்கும். மற்றப் பாதி அந்த அடையாளத்தோடு பொருந்தாவிட்டால் வண்ணம் வெளுத்துப்போகும். பால் முறை, கோணப் பிழையை நிறமாற்றமாகக் காட்டாமல் வெளுப்பாக மாற்றிவிடுகிறது. அதன் பெருமையும் அதுவே. ஆனால் வெளுப்பும் வெளுப்புதான்.

அதனால் வண்டியைக் கட்டியவர்கள் மிக நீண்ட பாதை எது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். மற்ற எல்லாப் பாதைகளையும் அதற்குச் சமமாக்கக் கேபிளைச் சேர்த்தார்கள். பக்கத்து ரேக்கிலிருந்து வரும் சமிக்ஞைக்கு நீண்ட சுருள், தூரத்திலிருந்து வருவதற்குக் குட்டைச் சுருள். அட்டையில் எழுதியிருந்த எண் அந்தத் தாமதம். பின்னாளில் ஒரு கருவி சேர்ந்தபோது அதற்கும் ஒரு சுருள் சேர்ந்திருக்கிறது. நூல் வேறு, முடிச்சும் வேறு. அந்த முடிச்சைக் கட்டியவர் யாரென்று தெரியாது. வண்ணக் கோணத்தைப் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பின் திரையில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கியிருப்பார், பிறகு கனெக்டரைக் கிரிம்ப் செய்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

பழைய கேபிளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமே என்ற யோசனையும் வந்தது. நீளத்தை அளந்து அதே நீளத்தில் போட்டாலும் தவறிவிடும். இன்று எளிதில் கிடைக்கும் மெல்லிய கேபிள்களில் பலவற்றுக்கு நுரைக் காப்பு. அதில் சமிக்ஞை இன்னும் வேகமாகப் போகும், மீட்டருக்கு ஏறத்தாழ 4.2 நானோவினாடி. பத்து மீட்டர் கேபிளை அதே பத்து மீட்டர் நுரைக் கேபிளால் மாற்றினால் ஏறத்தாழ 13 பாகை காணாமல்போகும். அளவுநாடாவால் அளக்கும் நீளம் இங்கே பயன்படாது.

கேபிளை அசைக்காமலே சோதிக்க ஒரு வழி இருந்தது. ஒரு முனையில் குறுகிய துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும் ரிஃப்ளெக்டோமீட்டர். எங்கே கனெக்டர் அரித்திருக்கிறது, எங்கே கேபிள் நசுங்கியிருக்கிறது என்பதை அது திரையில் ஒரு மேடாகக் காட்டிவிடும். கூடவே ஒவ்வொரு கேபிளின் மின்நீளமும், அதாவது சமிக்ஞை அதைக் கடக்கும் நேரமும், கிடைத்தது. அட்டைகளிலிருந்த எண்களையும் அளந்த எண்களையும் பக்கத்துப் பக்கமாக எழுதினோம். பெரும்பாலானவை ஒத்துப்போயின. பொருந்தாத சிலவற்றில் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவற்றை மட்டும், கேபிளைச் சுருக்காமல், பழைய கனெக்டரையே திறந்து சுத்தம் செய்து மீண்டும் இணைத்தோம்.

இத்தனை கவனம் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. எல்லாவற்றையும் டிஜிட்டலில் ஒத்திசைக்கும் பெட்டி ஒன்று வாங்கி மிக்ஸருக்கு முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. உண்மைதான். அப்போது சுருள்கள் வெறும் அலங்காரமாகிவிடும். வண்டி பழைய உடைபோட்ட புதிய வண்டியாகிவிடும். அதற்காகக் கூரையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டியதே இல்லை.

படம் வந்த வரிசை

கேமராவைத் தொடாமலே வண்டியின் பெரும்பகுதியை உயிர்ப்பிக்க முடியும். வண்ணப்பட்டை உருவாக்கும் கருவியிலிருந்து சோதனைச் சமிக்ஞையை எடுத்து, ஒவ்வொரு பாதையிலும் அனுப்பி, மிக்ஸரின் வெளியீட்டில் பார்த்தோம். ஒத்திசைவுத் துடிப்பு 0.3 வோல்ட், படம் 0.7 வோல்ட், மொத்தம் 1 வோல்ட் வரவேண்டும். ஒரு பாதையில் இரண்டு மடங்கு வந்தது. வரிசையாகக் கோத்த மானிட்டர்களின் கடைசியில் இருக்கவேண்டிய 75 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முனையில் போடும் மின்தடை) கழன்று கீழே விழுந்திருந்தது. பலகை இடுக்கில் கிடந்ததை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டோம்.

குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டாக்பேக்கின் ரேடியோ ரிசீவர் உயிரோடு இருந்தும் ஊமையாக இருந்தது. உள்ளே முல்லார்ட் ஏ.எஃப். 117 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். இந்த வகையின் உலோகக் கூட்டுக்குள் வெள்ளீயத்தில் மயிரிழை போன்ற இழைகள் தாமாக வளர்ந்து, கூட்டையும் உள்ளே உள்ள முனையையும் தொட்டுவிடும். பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய். கூட்டுக்குப் போகும் நான்காவது காலை வெட்டிவிட்டால் பல சமயம் மீண்டும் பேசும். பேசியது.

மானிட்டர்கள் பொறுமையைச் சோதித்தன. டெல்டா (முக்கோண) அமைப்பிலான மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள் கொண்ட வண்ணக் குழாய்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் திரை முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது ஒருநாள் வேலை. பொருத்தி முடித்து வண்டியை வேறு திசையில் நிறுத்தினால் பூமியின் காந்தப்புலம் வேறு கோணத்தில் பட்டு, ஓரங்களில் நிறத்திட்டுகள் வரும். ஓடிய காலத்தில் ஒவ்வொரு புதிய இடத்துக்குப் போனதும் காந்தநீக்கச் சுருளை மானிட்டர்முன் சுழற்றுவது வழக்கம். இந்த மானிட்டர்களுக்குள் 25,000 வோல்ட் அளவுக்கு உயர் மின்னழுத்தம் உண்டு. அணைத்த பிறகும் குழாயில் தங்கியிருக்கும். இதில் பழக்கமில்லாதவர் கைவைக்கக்கூடாது.

கேமராக்களுக்குக் கடைசியில் வந்தோம். பிளம்பிகான் குழாயின் முகத்தில் ஈய ஆக்ஸைடுப் படலம் இருக்கிறது. முகம் கீழாக வைத்தால் உள்ளே உதிர்ந்த துகள் அந்தப் படலத்தில் விழுந்து நிரந்தரப் புள்ளியாகிவிடும். ஆகவே கழற்றிய குழாய்களை எல்லாம் முகம் மேலாக வைத்தே சுமந்தோம். நீண்ட நாள் சும்மா கிடந்த குழாய்க்குள் வாயு சேர்ந்திருக்கும். முதலில் இழையை மட்டும் சூடாக்கி, போதிய நேரம் விட்டுத்தான் மற்ற மின்னழுத்தங்கள். பன்னிரண்டு குழாய்களும் நல்ல நிலையில் இல்லை. இருப்பதில் சிறந்தவற்றை மூன்று கேமராக்களுக்குப் பகிர்ந்தோம். வெளிச்சம் குறைந்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் சிவப்பு நிழல் இழுபடுகிறது. அதை மறைக்க எதுவும் செய்யவில்லை. வயதான குழாயின் படம் அப்படித்தான் இருக்கும்.

கேமராக் கேபிள் தனிக் கதை. விரல் தடிமனைவிடப் பெரிய உறைக்குள் எண்பது, நூறு கம்பிகள். முறிவு எப்போதும் கனெக்டரை ஒட்டிய முதல் அடியில்தான் வரும். மடங்குவதும் இழுபடுவதும் அங்கேதானே. நல்ல டிரம்களைத் தேர்ந்து, முனைகளை மட்டும் வெட்டிப் புதிதாகக் கட்டினோம். இந்த நீளத்தை மாற்றலாம்; கேமராக் கட்டுப்பாட்டுப் பகுதியில் கேபிள் நீளத்துக்கு ஈடுசெய்யும் ஸ்விட்ச் உண்டு.

பிறகு ஓய்வுபெற்றவர்களை அழைத்தோம். கேமராக்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் விஷன் கண்ட்ரோலில் உட்கார்ந்தவர் முதலில் அறையின் விளக்கைக் குறைக்கச் சொன்னார். நடு மானிட்டரைத் தவிர மற்றதன் நிறத்தை நம்பவேண்டாம் என்றார். ஜாய்ஸ்டிக்கைப் பார்க்காமலே பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி ஐரிஸையும் (லென்ஸின் திறப்பு), திருகிக் கறுப்பு மட்டத்தையும் ஒரே அசைவில் சரிசெய்தார். மேசையின் அடியில் எங்களுக்குப் புரியாமல் இருந்த ஸ்விட்சைக் கை தானாகத் தேடிப்போனது: ஒலி அறையில் இருப்பவரை அழைக்கும் சிறு விளக்கு. வரைபடத்தில் அது இல்லை. யாரோ ஒரு நிகழ்ச்சிக்காகப் போட்டு அப்படியே தங்கிவிட்டது. தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருந்தால் அந்தக் கம்பியும் குப்பைக்குப் போயிருக்கும்.

இரண்டு கேமராக்களைக் கலந்து, திரையைக் குறுக்கே பிரித்துப் பார்த்தபோது இரு பாதியிலும் ஒரே சிவப்பு. வெக்டர்ஸ்கோப்பில் வித்தியாசம் ஓரிரு பாகைக்குள்.

விட்டுக்கொடுத்தவை, இன்னும் முடியாதவை

குளிர்சாதனத்தின் அசல் இயந்திரம் ஆர்-12 வாயுவில் ஓடியது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். வாயுவை உரியவர்களைக் கொண்டு மீட்டெடுத்துவிட்டு, பழைய உறைக்குள் புதிய இயந்திரத்தை வைத்தோம். இன்றைய திரைகளுக்குச் சமிக்ஞையை மாற்றும் பெட்டி வண்டிக்குள் இல்லை. பின்கதவு இணைப்புப் பலகைக்கு வெளியே தனி மேசையில் இருக்கிறது. உட்சுவரின் ஒலித்தடுப்பு நுரை பொடிப்பொடியாக உதிர்ந்து ரிலேக்களுக்குள் விழுந்துகொண்டிருந்ததால் முழுவதும் அகற்றினோம். ஒரு துண்டை மட்டும் மூடிய பையில் வைத்திருக்கிறோம்.

நான்காவது கேமராவுக்கு நல்ல நீலக் குழாய் இல்லை. கிடைக்கும்வரை அதை உடலும் லென்ஸுமாக மட்டும் கூரைமேடையில் நிறுத்துகிறோம், இயங்குவதாகக் காட்டுவதில்லை. மற்ற மூன்றையும் குழாய்களின் ஆயுளைக் கருதி அளந்தே ஓட்டுகிறோம். அதே சமயம் மாதக்கணக்கில் அணைத்தும் வைப்பதில்லை. பெயர்ப்பட்டை அடுக்குகளைப் பிரிக்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, மேல் அடுக்கின் வாசகங்களை எழுதிவைத்திருக்கிறோம். கீழடுக்குகளைப் பிரிப்பதில்லை என்று முடிவு.

ஒலி அறையின் டாக்பேக்கில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இன்னும் இருக்கிறது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வந்த பிறகு தொடங்கியதால், ஒலி ரேக்கின் எர்த் இரண்டு வழியாக உடலைத் தொடுகிறது என்று சந்தேகிக்கிறோம். எந்த வழி பிற்காலத்தில் சேர்த்தது என்பதைக் கம்பிப் பதிவேட்டைக் கொண்டு தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடித்தாலும் அதை வெட்டப்போவதில்லை. ஒரு முனையை மட்டும் கழற்றி, சீட்டு எழுதிக் கட்டிவைப்போம்.